ரெஸ்க்யூவிலிருந்து இளம் கிரேட் பைரனீஸ்: வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில், அதுவும் டெக்சஸ் பக்கம், எந்த ரெஸ்க்யூவின் (கைவிடப்பட்ட நாய்களை மீட்டு வீடு தேடித் தரும் அமைப்பு) பட்டியலைப் பார்த்தாலும் ஒரு பெரிய வெள்ளை நாய் இருக்கும். கிரேட் பைரனீஸ், அல்லது அதன் கலப்பு. பல நாய்களுக்கு ஒரு வயதுதான் ஆகியிருக்கும். பண்ணைகளில் கயோட்டி என்கிற, ஓநாய் ஜாதிக் காட்டு விலங்கிடமிருந்து ஆடுகளைக் காக்க வளர்க்கிறார்கள், கருத்தடை செய்யாமலே விடுகிறார்கள், குட்டிகள் பெருகுகின்றன. வேலி தாண்டிப் போனது, கோழியைத் துரத்தியது என்று சிலதை விரட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், நகரத்தில் அழகான குட்டி என்று வாங்கியவர்கள் பத்து மாதத்தில் அது வளர்ந்து நிற்பதைப் பார்த்துக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். அப்படி வந்த ஒன்றுக்கு வீடு கொடுப்பது நல்ல காரியம். ஆனால் அதன் சுபாவம் தெரியாமல் எடுத்தால், சில மாதத்தில் அதே நாய் மறுபடி ரெஸ்க்யூ வாசலில் நிற்கும். அந்த இரண்டாவது கைவிடல் எந்த நாய்க்கும் நடக்கக் கூடாது.

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கும் பைரனீஸ் மலையில் ஓநாய், கரடியிடமிருந்து மந்தையைக் காத்த இனம் இது. மேய்ப்பர் தூங்கும் நேரத்தில், யாரும் சொல்லாமல், எது ஆபத்து என்று தானே பார்த்து முடிவெடுக்கிற நாயாகத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அதனால் லேப்ரடார் மாதிரி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்காது. கூப்பிட்டால் வரலாம், வேலிக்கு அப்பால் ஏதோ கேட்கிறது என்றால் வராமலும் போகலாம். நல்ல பயிற்சி கொடுத்தால் பழக்கங்கள் மாறும், காவல் புத்தி மாறாது. இதை ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

முதல் விஷயம் குரைப்பு. இரவில் குரைக்கும். தூரத்துக் கார் கதவு, பக்கத்துத் தெரு நாய், புதரில் ஓடும் ராக்கூன், எல்லாவற்றுக்கும் குரைக்கும், ஏனென்றால் குரைத்து எதிரியை விலக்கி வைப்பதுதான் அதன் வேலையில் பாதி. இரவு முழுக்கத் தோட்டத்தில் விட்டால் அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடுவார்கள், வீட்டுச் சங்கம் இருக்கும் குடியிருப்பு என்றால் அபராதக் கடிதம் வரும். இரவில் வீட்டுக்குள் படுக்க வையுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள், வெளிச் சத்தம் கேட்காமல் இருக்க ஒரு ஃபேன் ஓடட்டும். குரைப்பு ஓரளவு அடங்கும். அடுத்தவர் சுவரை ஒட்டிய அபார்ட்மென்ட்டில் இருந்தால், என் அபிப்பிராயம், இந்த இனம் வேண்டாம்.

அடுத்தது வேலி. ஆறடி உயரம் இருந்தால் நிம்மதி. கீழே தோண்ட முடியாதபடியும், முன்னங்காலால் தள்ளித் திறக்க முடியாத தாழ்ப்பாளோடும் இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் சின்ன ஷாக் கொடுக்கும் மின்வேலியை நம்பாதீர்கள். இவ்வளவு அடர்ந்த ரோமமும் இவ்வளவு பிடிவாதமும் உள்ள நாய் ஒரு கயோட்டியைப் பார்த்துவிட்டால் அந்த ஷாக்கைப் பொருட்படுத்தாது. வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது, எத்தனை வருடம் பழகியிருந்தாலும் சரி. தான் சுற்றிவரும் பரப்பு எல்லாமே தன் எல்லை என்று நினைக்கிற இனம், நடந்துகொண்டே இருக்கும். பெயர்ப் பட்டையும் ஜிபிஎஸ் காலரும் முதல் நாளே போடுங்கள், தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

குட்டியா, வளர்ந்ததா? முதல்முறை வளர்ப்பவர்கள் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருப்பதை, அதுவும் யாராவது ஃபாஸ்டராக, அதாவது நிரந்தர வீடு கிடைக்கும் வரை தங்கள் வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பவராக, வளர்ப்பதை எடுப்பது நல்லது. சுபாவம் ஓரளவு தெரிந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அந்த ஃபாஸ்டரிடமே பேசுங்கள். இரவில் எவ்வளவு குரைக்கிறது, சாப்பாட்டுத் தட்டருகே யாராவது போனால் உறுமுகிறதா, வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்கிறது, பூனை, சின்னக் குழந்தை, வேறு நாய் இவற்றோடு எப்படி, வேலி தாண்டியிருக்கிறதா. உங்கள் வீட்டில் ஏற்கெனவே பெரிய நாய் இருந்தால் எதிர்ப்பாலைத் தேர்ந்தெடுங்கள், ஒரே பால் நாய்கள் முழு வளர்ச்சி அடைந்ததும் மோதிக்கொள்வது அதிகம். தெற்கு மாநிலங்களிலிருந்து வரும் நாய் என்றால் இதயப்புழுப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். கொசுவால் பரவுவது அது, சிகிச்சை இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் நாயை ஓடவிடாமல் அமைதியாக வைத்திருக்க வேண்டும். செலவை யார் ஏற்பது என்று எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் பூங்கா, விருந்தாளி, நாய்க் கடை எதுவும் வேண்டாம். வேலி போட்ட தோட்டத்தில்கூடக் கயிறு கட்டியே கூட்டிப்போங்கள், புது இடத்திலிருந்து தப்பி ஓடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். முதல் மூன்று நாள் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். விட்டுவிடுங்கள். நிஜ சுபாவம் வெளியே வர வாரங்கள் ஆகும், வீட்டை முழுதாகத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள மாதங்கள் ஆகும். காவல் காப்பது அதிகமாவதும் அப்போதுதான். ஆள் வரும்போது நாயைக் கயிற்றில் பிடித்து, நீங்கள் வந்தவரோடு சாதாரணமாகப் பேசுவதைப் பார்க்க விடுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார்கள் என்றால் இன்னும் கவனம். நாற்பத்தைந்து கிலோ நாய் பாசமாக முட்டினாலே வயதானவர் விழுந்துவிடுவார். மேலே பாயாமல் இருக்க அவர்கள் வருவதற்கு முன்பே பழக்குங்கள்.

நம் சமையலறையும் ஒரு ஆபத்து. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிச்ச சாம்பார் சாதம், காய்ந்த திராட்சை போட்ட பாயசம், கேசரி, எதையும் தட்டில் போடாதீர்கள். தயிர்சாதம் கொஞ்சம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, தாளித்ததாக இல்லாமல் வெறும் தயிர்சாதமாக இருக்கட்டும்.

இந்த அளவு நாய்க்கு எலும்பு வளர்ந்து முடிய ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை பெரிய இனக் குட்டிகளுக்கான உணவு மட்டும், கால்சியம் மாத்திரை தனியாக வேண்டவே வேண்டாம், அதிகக் கால்சியம் மூட்டைக் கெடுக்கும். தார் ரோட்டில் நீண்ட ஓட்டம், உயரத்திலிருந்து குதிப்பது தவிர்க்கலாம். ஒல்லியாகவே வைத்திருங்கள், இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது. வயிறு உப்பித் திருகிக்கொள்வது பெரிய நாய்களுக்கு வரும், சில மணி நேரத்தில் உயிர் போகும். வயிறு வீங்கி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் நேரே அவசர மருத்துவமனை. கருத்தடை இன்னும் செய்யாத நாய் என்றால் அதே மயக்கத்தில் இரைப்பை திருகாமல் இருக்க அதை வயிற்றின் உட்சுவரோடு தைத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெயில் காலத்தில் ரோமத்தை மொட்டையடிக்காதீர்கள், சூட்டிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பது அதே ரோமம்தான். உதிரும் அடிரோமத்தை வாரி எடுத்தால் போதும். பின்னங்காலில் இரட்டையாகத் தொங்கும் உபரி விரல் நகங்களை மாதம் ஒருமுறையாவது பாருங்கள், தரையில் படாததால் தேயாது, வளைந்து சதைக்குள் குத்தும்.

ஆடு, கோழி வைத்திருப்பவர்கள் இளம் நாயை அவற்றோடு தனியாக விட வேண்டாம். விளையாட்டாகத் துரத்தியே கோழியைக் கொன்றுவிடும், அதை வைத்து நாய் உதவாது என்று முடிவு கட்டவும் கூடாது. இரண்டு வயது வரை கண்காணிப்போடு பழக வேண்டும்.

இவ்வளவும் செய்து, உறுமலோ கடியோ சண்டையோ தொடங்கினால் கை மீறும் வரை காத்திருக்காமல் உடனே ரெஸ்க்யூவைக் கூப்பிடுங்கள். ஒழுங்கான ரெஸ்க்யூ எதுவாக இருந்தாலும் ஒத்துவராத நாயைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும்போதே பாருங்கள்.