கேத்தலின் மூக்கில் தெரியும் வெள்ளை, வாயு அல்ல

ஐஸ் திண்மம், தண்ணீர் திரவம், நீராவி வாயு. எந்தப் பிள்ளையும் தூக்கத்திலேயே சொல்லிவிடும். அதே பிள்ளையைக் குசினிக்குக் கூட்டிப்போய், கொதிக்கும் கேத்தலைக் காட்டி, "இதில் வாயு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். விரல் நேரே வெள்ளையாக எழும்புவதைத்தான் காட்டும். பெரியவர்களின் விரலும் அங்கேதான் போகும்.

அந்த வெள்ளை திரவம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கேத்தலின் மூக்கைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: மூக்கின் வாய்க்கும் வெள்ளை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். நீராவி அங்கேதான் இருக்கிறது. வெளிக்காற்றில் பட்டு ஆறியதும் அது ஒடுங்கி நுண்ணிய நீர்த்துளிகளாகிறது, வெள்ளையாகத் தெரிபவை அந்தத் துளிகள். இன்னும் ஓர் அடி மேலே போனதும் துளிகள் மறுபடி ஆவியாகி மறைந்துவிடும். ஒன்றரை அடி தூரத்துக்குள் வாயு, திரவம், மீண்டும் வாயு.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று விட்டுவிட முடியாது. ஒன்றும் தெரியாத அந்த இடைவெளிதான் கையைச் சுடும் இடம். 1 கிராம் நீராவி தோலில் பட்டு ஒடுங்கும்போது மட்டும் ஏறத்தாழ 2260 யூல் வெப்பத்தை விடுகிறது. 1 கிராம் கொதிநீர் 100 பாகையிலிருந்து உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது விடுவது 265 யூல் அளவுதான். புட்டுக்குழலின் மூடியையோ இடியாப்பச் சட்டியின் மூடியையோ திறக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கக்கூடாது. மூடியின் மறுகரையை முதலில் உயர்த்தினால் ஆவி உங்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும்.

கொதி வந்த பிறகும் அடுப்பை முழுதாக எரியவிடுவது அடுத்த தவறு. கொழும்பில் திறந்த சட்டியில் கொதிக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. மேலதிகமாகக் கொடுக்கும் நெருப்பெல்லாம் திரவத்தை வாயுவாக்கவே செலவாகிறது. பருப்பு அதனால் ஒரு நிமிடம்கூட முந்தி அவியாது, காஸ்தான் முந்தித் தீரும். கொதி கண்டதும் தணலைக் குறைத்து மூடி போடுங்கள். ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு அவியச் சுணங்குவதற்கும், 120 பாகைவரை ஏறும் பிரஷர் குக்கர் அங்கே பெரிதும் உதவுவதற்கும் காரணம் அதுவே.

காஸ் என்ற பெயரே ஒரு பொறி. 12.5 கிலோ சிலிண்டரில் நாம் வாங்குவது பெரும்பாலும் திரவம். புரோப்பேனும் பியூட்டேனும் அமுக்கத்தால் திரவமாகி அடியில் கிடக்கின்றன, மேலே கொஞ்ச இடத்தில் மட்டும் வாயு நிற்கிறது. அடுப்புக்கு வரவேண்டியது அந்த மேல் வாயுதான். காஸ் தீர்ந்துபோகும் நேரத்தில் சிலிண்டரைச் சரித்து, சிலர் படுக்கவே வைத்து, கடைசிச் சொட்டையும் எடுக்கப் பார்ப்பார்கள். அப்போது திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். அது வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். அடுப்பில் சுவாலை திடீரென்று எழும்புவது இதனால். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். எவ்வளவு மிச்சம் என்று அறிய ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு துடைத்துவிட்டுப் பாருங்கள்: திரவம் இல்லாத மேற்பகுதி முதலில் காயும், திரவம் உள்ள இடம் ஈரமாக நிற்கும்.

வாயு என்றால் மேலே போய்விடும் என்று நினைப்பதும் பிழை. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு படியும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடுகள் பலவற்றில் குசினிக்கு உயரத்தில் ஒரு சிறு யன்னல் மட்டுமே உண்டு. அதைத் திறந்துவிட்டால் போதாது, கதவையும் திறக்கவேண்டும். மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். ஃபேன் சுவிட்சையோ லைட் சுவிட்சையோ தொடவே வேண்டாம்.

ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்பக்கம் நனைவது கசிவு அல்ல, காற்றிலிருந்த நீராவி ஒடுங்குவது. ஏசி அறையிலிருந்து கொழும்பின் காலி வீதிக்கு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதுதான். கமராவை அப்படிக் கொண்டுபோவதானால் ஏசிக்குள் இருக்கும்போதே பையில் இறுக்கி மூடி, வெளியே வந்து அரை மணித்தியாலம் கழித்துத் திறவுங்கள்.

தேங்காய் எண்ணெய் திரவமா, திண்மமா? 24 பாகையளவில் உருகும் பொருளுக்கு இந்தக் கேள்வியே அரைகுறை. கொழும்பில் அது திரவம், நுவரெலியாவில் பெரும்பாலும் கட்டி, ஏசியை 20இல் வைத்த அறையில் கலங்கத் தொடங்கும். பிரிட்ஜில் உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்ற பரிசோதனையை நம்பாதீர்கள். பாம் எண்ணெயும் அங்கே உறையும்.

பிளேன்டீக்குள் சீனி உருகுவதில்லை, கரைகிறது. உருகுவதற்கு வெப்பம் மட்டும் போதும், கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும். அதே சீனி போத்தலிலிருந்து கொட்டுகிறது, பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கிறது என்பதற்காகத் திரவம் ஆகிவிடாது. ஒரு மணியை எடுத்துப் பாருங்கள், அதன் வடிவம் மாறவில்லை. மணலுக்கும் பால்மாவுக்கும் இதே விடைதான்.

கடைசியாகக் கற்பூரம். அதை எரிப்பதைப் பதங்கமாதல் (திண்மம் திரவமாகாமல் நேரே வாயுவாவது) என்று எழுதும் பிள்ளைகள் பலர். எரிவது இரசாயன மாற்றம், அங்கே புதிய பொருள்கள் உண்டாகின்றன. பதங்கமாதல் என்பது சாமியறையில் மூடி சரியாகப் பூட்டாத டப்பாவுக்குள் கற்பூரம் தானாகவே சிறுத்துப்போவது. அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டையும் அப்படியே வாயுவாகி உடுப்புகளில் ஏறுகிறது. பச்சைக் குழந்தையின் உடுப்புகளோடு அதை வைக்கவே கூடாது. சில குழந்தைகளுக்கு அந்த வாயு குருதியின் செங்கலங்களைச் சிதைத்துவிடும். ஏற்கெனவே வைத்த உடுப்பானால் நன்றாகத் துவைத்து, காற்றோட்டமாகக் காயவிட்டு, மணம் முழுதாகப் போனபின் போடுங்கள்.