ஸ்லீப் போதுமா, ஹைபர்னேட் வேண்டுமா?

கணினியை அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வர எழுந்தால் ஸ்லீப் போதும். அதில் திறந்து வைத்த வேலைகளைக் காப்பாற்ற ராமுக்கு (RAM, கணினியின் தற்காலிக நினைவகம்) மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், மற்ற பெரும்பாலானவை அணைந்துவிடும், அதனால் சில நொடிகளில் எழுந்துவிடும். ஆனால் கரண்ட் போனால் சேமிக்காதது போனதுதான். (டெஸ்க்டாப்பில், டிஸ்கிலும் ஒரு நகல் எழுதி வைக்கும் ஹைபிரிட் ஸ்லீப் இயங்கினால் தப்பிக்கலாம்.)

ஹைபர்னேட் அப்படியில்லை. ராமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிடும். லேப்டாப்பைப் பையில் போட்டு ஊருக்குக் கிளம்பும்போது இதுதான் சரி, ஏனென்றால் இப்போது வரும் பல லேப்டாப்கள் ஸ்லீப்பிலும் இணையத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு, சில நேரம் பைக்குள்ளேயே சூடாகி பேட்டரியைத் தின்றுவிடும்.

விண்டோஸ் 11-ல் ஹைபர்னேட் பெரும்பாலும் பவர் மெனுவில் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்பைத் திறந்து, மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று தொடங்கும் வரியைச் சொடுக்கினால் கீழே ஹைபர்னேட் பெட்டி வரும், டிக் போட்டுச் சேமியுங்கள்.

அப்புறம், அங்கேயே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கணினியை வேகமாகத் தொடங்க வைக்கும் வசதி) என்று ஒன்று இருக்கும். அது இயங்கும்போது ஷட் டவுன்கூட முழு ஷட் டவுன் இல்லை. அதனால் கணினி மக்கர் செய்தால், முழுக்கப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.