பம்ப்பைச் சுவரில் மாட்டாதீர்கள்: தொழில் சுகாதார வேலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூரில் ஷூ கம்பெனிகள், வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் டேனரிகள், இராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயன ஆலைகள், குடியாத்தத்தில் பீடியும் தீப்பெட்டியும், மலையடிவாரங்களில் கல் கிரஷர்கள். பழைய வட ஆற்காட்டில் பிறந்த வேதியியல் பட்டதாரிக்கு, தொழில் சுகாதாரம் படிக்க இதைவிடப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஆனாலும் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: தொழிலாளியின் மூக்கையும் தோலையும் விட்டுவிட்டு, கட்டடத்தையும் காகிதத்தையும் அளப்பது.

முதலில் படிப்பு. சேஃப்டி டிப்ளமோ முடித்தாலே தொழில் சுகாதார வல்லுநர் ஆகிவிடலாம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் பார்ப்பது விழுதல், நசுங்குதல், தீ, மின்சாரம் போன்றவற்றை, அதாவது இன்றைக்கே நடக்கும் விபத்துகளை. தொழில் சுகாதாரம் பார்ப்பது பத்து வருடம் கழித்து வரும் நோயை. கல்லிலிருந்து கிளம்பும் சிலிகா தூசி நுரையீரலை, இரைச்சல் காதை, பசையின் கரைப்பான் கால் நரம்பை மெல்ல மெல்லக் கெடுப்பதை முன்கூட்டியே அளந்து நிறுத்துவதுதான் வேலை. இரண்டும் வேறு என்பதற்காக டிப்ளமோவை ஒதுக்கவும் வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்தும் பதவி பாதுகாப்பு அலுவலர்தான். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 1000 தொழிலாளர்களோ அதற்கு மேலோ என்று இருந்த வரம்பு, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பில் 500 ஆகவும், அபாயகரமான செயல்முறை உள்ள ஆலைகளுக்கு 250 ஆகவும் இறங்கியிருக்கிறது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே டிப்ளமோ வாசலைத் திறக்கும். உள்ளே போன பிறகு வேண்டிய திறமை வேறு.

அந்தத் திறமைக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட பாதை ஓ.எச்.டி.ஏ. என்னும் பயிற்சிச் சங்கத்தின் பாடங்கள். அடிப்படைப் பாடம் 201. அதற்கு மேல் 501 தொடங்கி அபாயப் பொருள்களை அளத்தல், வெப்பம், இரைச்சல், ஆஸ்பெஸ்டாஸ், கட்டுப்படுத்தும் முறைகள், உடலுக்கேற்ற வேலையமைப்பு (எர்கோனாமிக்ஸ்), உடல் விளைவுகள் என்று தனித்தனிப் பாடங்கள். நெபோஷ் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு வளைகுடாவில் ஹைஜீனிஸ்ட் (தொழில் சுகாதார வல்லுநர்) வேலை என்று ஏஜெண்டுகள் சொல்வதை நம்ப வேண்டாம். அது நல்ல பாதுகாப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறையும், அகமதாபாத்தில் தேசியத் தொழில் சுகாதார நிறுவனமும் இந்தத் துறையில் நெடுங்காலமாக வேலை செய்பவை. ஏ.எஃப்.ஐ.எச். மருத்துவர்களுக்கான படிப்பு. எம்.பி.பி.எஸ். இல்லாதவர்கள் அதைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு வீண் பயம் கணக்கு. கணக்கில்லாமல் இந்த வேலை இல்லை, ஆனால் வேண்டியது பிளஸ் டூ அளவுதான். தலா 90 டெசிபல் தரும் இரண்டு இயந்திரங்கள் ஒன்றாக ஓடினால் 180 அல்ல, 93. பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதை, கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாற்ற மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45 ஆல் வகுக்க வேண்டும். இந்த இரண்டையும் காகிதத்தில் போடத் தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஏராளம்.

எங்கே அளக்கிறோம்

தலைப்பில் சொன்ன தவறு இதுதான். டேனரியில் தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும் பஃபிங் இயந்திரத்துக்கு எதிர்ச் சுவரில், காற்றை இழுத்து மாதிரி எடுக்கும் சிறு பம்ப்பை ஆணியில் மாட்டிவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றி வருவது. வரும் எண் சுவர் எவ்வளவு தூசியைச் சுவாசித்தது என்று சொல்லும். பஃபிங் செய்கிறவர் தோலைக் குனிந்து தள்ளும்போது அவர் முகம் தூசி கிளம்பும் இடத்திலேயே இருக்கிறது. மூக்கையும் வாயையும் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் உள்ள காற்றுதான் கணக்கு. பம்ப்பை இடுப்பு பெல்ட்டில் மாட்டி, குழாயை முதுகு வழியாகக் கொண்டுவந்து, வடிகட்டித் தலையைச் சட்டைக் காலரில் பின் குத்துங்கள். குழாய் தொங்கினால் சுழலும் டிரம்மில் சிக்கும், ஆகவே டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும்.

கிரஷரில் சுவாசத் தூசி எடுக்கும்போது சைக்ளோன் என்ற சிறு கருவி பெரிய துகளைக் கீழே உள்ள கிண்ணத்தில் தள்ளிவிட்டு, நுரையீரலின் அடிவரை போகும் துகளை மட்டும் வடிகட்டிக்கு அனுப்பும். அலுமினிய சைக்ளோன் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் காற்றில்தான் சரியாகப் பிரிக்கும். பம்ப் தளர்ந்து 2.1க்கு இறங்கினால், பிரிய வேண்டிய கொஞ்சம் பெரிய துகளும் வடிகட்டிக்கு ஏறிவிடும். காற்றின் அளவும் தவறு, துகளின் அளவும் தவறு. ஆகவே காலையில் சைக்ளோனையும் வடிகட்டியையும் சேர்த்து மாட்டிய நிலையில் பம்ப் இழுக்கும் காற்றைச் சரிபார்க்கும் அளவுத்திருத்தம், மாலையில் மறுபடி ஒன்று. இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் மாதிரியைத் தூக்கிப் போடுங்கள். வெறும் பம்ப்பை மட்டும் வைத்துத் திருத்துவது அளவு பார்க்காமலே துணி வெட்டுவது மாதிரி.

சைக்ளோனில் இன்னொரு சின்ன விபத்து அடிக்கடி நடக்கிறது. மாலையில் கழற்றும்போது தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். கிண்ணத்தில் சேர்ந்த பெருந்தூசி வடிகட்டியில் கொட்டி, முழு நாள் உழைப்பும் பாழ். கழற்றும் வரை நிமிர்ந்தே இருக்கட்டும். சிலிகாவைப் பகுத்தாய 400 லிட்டர் காற்றாவது வேண்டும். 2.5 லிட்டர் வேகத்தில் அது 160 நிமிடம். அரை மணி நேர மாதிரியை அனுப்பிவிட்டு, 'கண்டறியப்படவில்லை' என்று வந்த அறிக்கையைப் பார்த்து மகிழ்ச்சியடைவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. ஒவ்வொரு தொகுதியோடும் காற்று இழுக்காத வெற்று வடிகட்டிகள் குறைந்தது இரண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பயணத்தில் ஒட்டிய தூசியும் தொழிலாளியின் கணக்கில் சேரும்.

எப்போது அளக்கிறோம், எந்த வரம்போடு ஒப்பிடுகிறோம்

நிர்வாகம் நாள் குறித்துக் கூப்பிடும் அன்று தோல் பதனிடும் டிரம்களில் பாதி ஓடாமல் நிற்கும், தரை கழுவியிருக்கும். அன்றைய உற்பத்தி எண்ணிக்கையை ரிஜிஸ்டரில் பார்த்து அறிக்கையில் எழுதாமல் வெளியே வர வேண்டாம். சுண்ணாம்பு நீக்கும் வேலை இரவு ஷிஃப்டில் என்றால் இரவில்தான் போக வேண்டும்.

சராசரி மட்டும் பார்ப்பதும் ஆபத்து. ஷூ லைனில் ஒருவர் 2 மணி நேரம் பசை ஸ்பிரே அடிக்கும்போது பசையின் கரைப்பானான டொலுயீன் 180 பிபிஎம், மீதி 6 மணி நேரம் 40 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 360ஐயும் 240ஐயும் கூட்டி 8ஆல் வகுத்தால் 75. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தந்த 8 மணி நேர வரம்பு 100, ஆகவே தேறியது என்று எழுதத் தோன்றும். ஆனால் அதே அட்டவணையில் 15 நிமிட வரம்பு 150. ஸ்பிரே நேரத்தில் அந்த வரம்பு முழுக்க மீறப்பட்டிருக்கிறது. அட்டவணை வரம்புக்குள் இருந்தாலே பத்திரம் என்றும் எழுதிவிடாதீர்கள். டேனரியில் கிளம்பும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடுக்கு அட்டவணை தந்த 8 மணி நேர வரம்பு 10 பிபிஎம். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் ஏ.சி.ஜி.ஐ.எச். அமைப்பு 2010 முதல் சொல்வது 1 பிபிஎம். இரண்டையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

12 மணி நேர ஷிஃப்டுக்கு 8 மணி வரம்பை அப்படியே வைப்பதும் தவறுதான். உடம்பு உள்வாங்கும் நேரம் கூடுகிறது, கழிக்கும் நேரம் குறைகிறது. பிரீஃப்–ஸ்கேலா முறையில் 12 மணிக்கு வரம்பு நேர்பாதி. சில தொழிலாளர்களுக்கு ஷிஃப்ட் முடிந்தாலும் ஆலை முடிவதில்லை. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்தார்கள். பக்கத்து டேனரி வளாகத்தில் இரவு தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வெளிமாநிலத் தொழிலாளர் எங்கே படுக்கிறார், எந்தத் தண்ணீரில் குளிக்கிறார் என்பதும் உங்கள் கேள்விப் பட்டியலில் இருக்க வேண்டும்.

மூக்கை நம்புவது

'அழுகிய முட்டை நாற்றம் இல்லை, இறங்கலாம்' என்ற வார்த்தை உயிரை வாங்கும் வார்த்தை. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மை நெருங்கும்போது மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல, ஏறிவிட்டது என்றும் இருக்கலாம். டேனரியில் இது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு, சுண்ணாம்போடு பி.எச். 12 அளவில் இருக்கும் வரை பெரும்பாலும் கரைசலிலேயே அடங்கியிருக்கும். பி.எச். 7 வரும்போது ஏறக்குறைய பாதி வாயுவாக வெளியேறத் தயார். தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைக்கும் பிக்கிள் வேலையின் கழிவு அதே சாக்கடையிலோ தொட்டியிலோ சேர்ந்தால் கண்மூடித் திறப்பதற்குள் கிளம்பிவிடும். சுண்ணாம்புக் கழிவுக்கும் அமிலக் கழிவுக்கும் தனித்தனி வாய்க்கால் கேட்பது மூக்குக்கு மாஸ்க் கேட்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தொட்டியில் இறங்கும் முன் அளக்கும்போது மேல் மூடியில் மீட்டரைக் காட்டிவிட்டு எடுப்பது வழக்கமான தவறு. இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில் படுத்திருக்கும். மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடமாவது பொறுத்து, முதலில் ஆக்சிஜன் (19.5 முதல் 23.5 சதவீதம்), பிறகு எரியும் வாயு, பிறகு நச்சு வாயு என்ற வரிசையில் பாருங்கள். கசடைக் கலக்கியதும் அடைபட்ட வாயு மறுபடி வரும், ஆகவே உள்ளே இருப்பவர் உடம்பில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று காலை சோதனை வாயு காட்டிப் பார்க்காத மீட்டர் வெறும் பெட்டி. விழுந்தவரைத் தூக்க இரண்டாமவர் குதித்தால் அவரும் விழுவார். இறங்கும் முன்னரே கயிறும், அதைக் கட்டி ஆளைத் தூக்கும் மூன்றுகால் தாங்கியும் மேலே தயாராக இல்லையென்றால் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் மருந்தாக மாஸ்க்

பசை லைனில் என்95 மாட்டிவிடுவதைப் பார்க்கிறோம். அது துகளைத்தான் பிடிக்கும். டொலுயீனோ ஹெக்சேனோ அதற்குள் தாராளமாக நுழையும். பசையின் இன்னொரு கரைப்பானான ஹெக்சேன் கால் விரல் மரத்துப்போவதில் தொடங்கி நரம்பைக் கெடுப்பது. அதோடு எம்.இ.கே. என்ற கரைப்பானும் சேர்ந்த பசை என்றால் கேடு இன்னும் கூடும். பசை டப்பாவின் பாதுகாப்புத் தகவல் தாளை வாங்கிப் படிக்காமல் பம்ப்பையே திறக்காதீர்கள், எதை அளப்பது என்று தெரிவது அங்கேதான்.

உறிஞ்சு குழாய் வைப்பதிலும் கவனம் வேண்டும். குழாயின் வாயிலிருந்து அதன் ஒரு விட்டம் தூரம் தள்ளினாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். மேசைக்கு மேலே 2 அடி உயரத்தில் தொங்கும் ஹூட் (உறிஞ்சு கூண்டு) பார்வைக்கு மட்டும். மே மாத வெயிலில் பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன் வைத்துவிடுவார்கள், அது பிடிபட வேண்டிய ஆவியை அடுத்தவர் முகத்தில் வீசும். ஃபேனைப் பிடுங்கினால் தொழிலாளி கோபப்படுவார், நியாயம்தான். வெப்பத்துக்கு வேறு வழி செய்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டும்.

தோல் வழியாகப் போவதை மறப்பவர்களும் நிறைய. ரப்பர் கையுறையை டொலுயீன் சில நிமிடத்தில் கடந்துவிடும். குரோமேட் என்ற குரோமிய உப்பு பட்ட இடத்தில் சிறு வெட்டு இருந்தால் குழிப் புண் வரும். குரோம் புண்ணும், சிலிகா தூசியால் வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோயும் 2020 சட்டத்தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள். பீடி சுற்றும் பெண்களுக்கோ ஆலையே வீடுதான். வீட்டுத் திண்ணையில் எந்த ஆய்வாளரும் நிற்பதில்லை, புகையிலையின் நிகோடின் விரல் வழியாகவும் இறங்கும்.

இரைச்சலில் போன் ஆப் வைத்து அளந்து அறிக்கை எழுதாதீர்கள். காதுக்குப் பக்கத்தில், ஷிஃப்ட் முழுக்கக் கேட்ட சத்தத்தைக் கூட்டிச் சொல்லும் டோசிமீட்டர் வேண்டும். நம் விதிகளில் 100 டெசிபலுக்கு 2 மணி நேரம் அனுமதி. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில் அதே சத்தத்துக்கு 15 நிமிடம்தான். எந்தக் கணக்கில் டோசிமீட்டரை அமைத்தீர்கள் என்று எழுதாத எண் பயனற்றது.

கடைசியாக அறிக்கை. ஆங்கிலத்தில் 40 பக்கம் எழுதி மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வருவதோடு வேலை முடியவில்லை. பம்ப் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நடந்தவருக்கு அவருடைய எண்ணைத் தமிழிலோ உருதுவிலோ இந்தியிலோ ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை, கேட்புச் சோதனை முடிவுகளைப் பெயரோடு மனிதவளத் துறைக்குக் கொடுக்காதீர்கள், அது வேலைநீக்கப் பட்டியலாக மாறும். எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லி அழுத்தம் வரும். மூல அளவுத்தாளும் அளவுத்திருத்தப் பதிவும் உங்களிடம் நகல் இருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும். ஹூட் மாற்றி, பசை மாற்றி, வாய்க்கால் பிரித்த பிறகு, அதே ஆளுக்கு அதே வேலையில் அதே வேகத்தில் மறுபடி பம்ப் மாட்டும் தேதியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.