பெட்டியின் நடுவில் இருந்த பார்சல்கள்

2020 மார்ச் 20 மாலை கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு ரெஸ்டூரண்டின் பாரில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடை பூட்டியதும் 10 வீத சேவைக் கட்டணம் நின்றது. எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். மே 26க்குப் பிறகு பகலில் நடமாட முடிந்தது, ஆனால் வெளிநாட்டவர் வராததால் கடை திறக்கவில்லை. நானும் குசினியில் வேலை செய்த இரண்டு நண்பர்களும் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மதியச் சோற்றுப் பார்சல் விற்கத் தொடங்கினோம்.

முதல் வாரமே முறைப்பாடு: சாப்பாடு புளித்த வாசம். ஒரே சட்டிச் சோறு, ஆனாலும் சிலருக்கு மட்டும். அரிசியை மாற்றினோம். பருப்பில் தேங்காய்ப்பாலைக் குறைத்தோம். லஞ்ச் சீட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாக வாழையிலையில் கட்டினோம். மூன்று நாள் வீணானது.

அப்புறம் பார்சல்களில் எண் எழுதி, அவற்றைக் கொண்டுபோகும் ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியில் எது எங்கே இருந்தது என்று குறித்துவைத்தேன். கெட்டவை எல்லாம் நடுவில் அடுக்கியவை! ஓரத்தில் இருந்தவை ஆறிவிட்டன. நடுவில் இருந்தவை மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடந்தன. ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன். வாசம் தேங்காய்ச் சம்பலிலிருந்து வந்தது. பச்சைத் தேங்காய்ப்பூ சூட்டில் சீக்கிரம் பழுதாகும், அதைச் சுடுசோற்றின் மேலேயே வைத்திருக்கிறோம்.

சம்பலைத் தனிப் பையில் கட்டி, பெட்டிக்கு வெளியே கொண்டுபோனோம். சமையலையும் இரண்டு தடவையாகப் பிரித்தோம், கட்டிய பார்சல் ஒரு மணித்தியாலத்துக்குள் வீடு சேரும்படி. அதன்பின் ஒரு முறைப்பாடும் இல்லை. பெரிய நிம்மதி.