ரேம் நிறைந்துவிட்டதா? ரிசோர்ஸ் மானிட்டரில் பார்க்கும் முறை

கோத்தகிரியில் மாலை நேரக் கணினி வகுப்பு எடுத்துவரும் என்னிடம், "ரேம் தீர்ந்துவிட்டது, மேட்டுப்பாளையம் இறங்கிப் புதிதாக வாங்கி வரட்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மலையிறங்கும் முன், விண்டோஸ் நினைவகத்தை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

முதலில், அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்தையும் திறந்துகொள்ளுங்கள். எதுவும் ஓடாத கணினியைச் சோதித்துப் பயனில்லை. அடுத்து, விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, தோன்றும் பெட்டியில் ஆர், இ, எஸ், எம், ஓ, என் என்னும் ஆறு எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் ரிசோர்ஸ் மானிட்டர் திறக்கும். அதில் மெமரி தாவலுக்குச் செல்லுங்கள்.

அங்குள்ள வண்ணப் பட்டையில் சாம்பல் நிறம் வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது. பச்சை, இப்போது பயன்பாட்டில் உள்ளது. நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியவை ஆரஞ்சும் நீலமும்.

நம் கணினிகளில் நினைவகம் பொதுவாக 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. 4 ஜிபி ரேமில் 10,48,576 பக்கங்கள் அடங்கும். தேயிலை எடை போடும் இடத்தில் ஒருவர் எடையைச் சிலேட்டில் குறித்து, பிறகு கணக்கேட்டில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஏட்டில் ஏறாத சிலேட்டை அழிக்க முடியாது. ஆரஞ்சு நிற 'மாடிஃபைடு' பக்கங்கள் அத்தகையவை, வட்டில் எழுதப்படும்வரை அவற்றை வேறு வேலைக்குத் தர இயலாது. ஏட்டில் ஏறிய பிறகும் அழிக்காமல் வைத்திருக்கும் சிலேட்டைப் போன்றவை நீல நிற 'ஸ்டாண்ட்பை' பக்கங்கள்: அதே விவரம் மீண்டும் தேவைப்பட்டால் வட்டுக்குப் போகாமல் உடனே எடுத்துக்கொள்ளலாம், வேறு மென்பொருள் இடம் கேட்டால் அப்போதே கொடுத்துவிடலாம். ஆகையால் வெளிர்நீல 'ஃப்ரீ' பகுதி மிகச் சிறிதாக இருப்பது குறையன்று. ஸ்டாண்ட்பையும் ஃப்ரீயும் சேர்ந்ததே, பட்டையின் கீழே 'அவைலபிள்' என்று காட்டப்படும் அளவு. 'ரேம் கிளீனர்' செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை வெளியேற்றியதைத் திரும்ப வட்டிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

இறுதியாக, வலப்புறத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' வரைபடத்தைப் பாருங்கள். தேவையான பக்கம் ரேமில் இல்லாமல் வட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட தடவைகளை, நொடிக்கு இத்தனை என்று அது காட்டும். மென்பொருளைத் திறக்கும்போது கோடு சற்று உயர்ந்து தணிவது இயல்பு. வேலை நடக்கும் நேரமெல்லாம் அது உயர்ந்தே நின்று, அவைலபிள் அளவும் சில நூறு எம்பிக்குச் சுருங்கியிருந்தால், மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறலாம்.