மணிக்கூண்டில் புதியவர்கள் நிலைக்க நாங்கள் செய்தது

இங்கிலாந்தில் எங்கள் வட்டாரத் தேவாலய மணியடிப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். 2023-இல் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக மணியடிக்கக் கற்க வந்தவர்களில் பலர், அப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஆர்வம் வற்றிப்போகவில்லை. கோபுரத்தில் ஆறு மணிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வேண்டும், அடிக்கத் தெரிந்தவர்களோ மூன்று பேர், அங்கேதான் சிக்கல். எங்கள் மணிகளில் மெட்டு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசை மாறும். ஐந்து மணிகளுக்கே 120 வரிசைகள் உண்டு. சுற்றிலும் தேர்ந்த கைகள் இல்லாவிட்டால் புதியவருக்கு அது பிடிபடாது.

பக்கத்து ஊர்களும் எங்களோடு ஒரே கிழமையில் தனித்தனியாகப் பயிற்சி வைத்திருந்தன. கிழமைகளை மாற்றி, எல்லாரும் எல்லாக் கோபுரங்களுக்கும் போகும்படி செய்தோம். "இது எங்கள் ஊர் வழக்கம்" என்ற பெரியவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பிடிப்பும் நியாயமானதுதான்.

அடுத்து சத்தம். புதியவர் ஒருவர் ஒரே மணியை வெகுநேரம் தடுமாறி அடித்தால் ஊர் தாங்காது. அதனால் ஒரு கோபுரத்தில் மணி நாக்குகளை அசையாமல் கட்டி, மணியைச் சுழற்றும் சக்கரத்தருகே சென்சார் பொருத்தி, ஓசையைக் கணினியிலிருந்து வரவைத்தோம். வெளியே சத்தமே கேட்காது. கயிற்றில் கம்பளி சுற்றிய பிடி மேலே பாயும்போது கையை எந்தக் கணத்தில் விடுவது என்று நிதானமாகப் பழகலாம். விடாவிட்டால் கயிறு ஆளையே தூக்கிவிடும். எனவே ஆரம்பப் பாடங்களில் தேர்ந்தவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சங்கத்தில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் சென்சாருக்குச் செலவிடுங்கள்.