வீடு எரிஞ்சாப்பிறகு கிளீன் பண்ணக்குள்ள நம்மட ஆக்கள் விடுற பிழைகள்

நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு வீடு பத்தினா ஊரே ஓடி வரும். ஆரையம்பதியோ களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, எல்லா இடமும் அப்பிடித்தான். நெருப்பு அணைஞ்ச கையோட ஒராள் தும்புத்தடியோட வருவார், ஒராள் மோட்டர் போட்டு ஓஸ் பைப்பால அடிப்பார், பொம்புளையள் சாமானெல்லாம் தூக்கி முத்தத்தில போடத் தொடங்கிடுவாங்க. அந்த மனசுக்கு விலையே இல்ல. ஆனா கூடின பிழை நடக்கிறது அந்த முதல் நாள் அவசரத்திலதான், நெருப்பில தப்பின மனிசர் மறுகா கிளீன் பண்ணப் போய் வருத்தம் எடுக்கக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

முதல் விசயம் கரண்ட். ட்ரிப் சுவிட்ச் விழுந்து கிடக்குதானே, இனிப் பயமில்ல எண்டு உள்ளுக்குப் போறாங்க. மெயின்ல இருந்து மீட்டருக்கு வாற வயர் உருகி இருந்தா அதில கரண்ட் அப்பிடியே இருக்கும், ட்ரிப் சுவிட்ச் அதுக்கு ஒண்டும் செய்யாது. மின்சார சபைக்கு 1987க்கு அடிச்சு வெளியில லைனைக் கழட்டின பிறகுதான் உள்ளுக்குக் கால் வைக்கணும். கேஸ் சிலிண்டர் சூடு பட்டிருந்தா, பார்க்க நல்லா இருந்தாலும் திரும்பப் பாவிக்கவே வேணாம், ரெகுலேட்டரும் ஓசும் சேர்த்துத்தான் சொல்றன். கரண்ட் இல்லையெண்டு ஜெனரேட்டர் இரவல் எடுத்து விறாந்தையில வச்சு ஓட்டுறதும் நடக்குது, அதுல வாற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, ஆளையே கொல்லும். வீட்டை விட்டுத் தள்ளி வெளியில வைங்க.

கூட்ட முதல் போட்டோ எடுங்க, வீடியோவும் எடுங்க. ஒவ்வொரு அறையா, எரிஞ்ச சாமான் கிடந்த இடத்திலேயே எடுக்கணும். இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாட்டியும் பொலிஸ் என்ட்ரிக்கும் ஜி.எஸ். (கிராம சேவகர்) ஊடாக பிரதேச செயலகத்துக்குப் போற அறிக்கைக்கும் இதுதான் சாட்சி. எரிஞ்ச காசை அள்ளி எறியாதீங்க, மிஞ்சின துண்டை அப்பிடியே ஒரு பெட்டியில வச்சு பேங்குக்குக் கொண்டுபோய்க் கேளுங்க. காணி உறுதி எரிஞ்சாலும் காணிப் பதிவகத்தில பதிஞ்சிருந்தா பிரதி எடுக்கலாம், அதுக்காகப் புகைக்குள்ள கிண்டித் தேடத் தேவையில்ல.

இனி நான் கூடப் பயப்படுற விசயத்துக்கு வாறன், சீட்டுக் கூரை. நம்மட பக்கம் எத்தினை வீடு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். நெருப்புச் சூட்டில அந்தச் சீட் பட்பட்டெண்டு வெடிச்சுச் சிதறும், அதுக்குள்ள இருக்கிற நார் கண்ணுக்குத் தெரியாத அளவில தூசா வெளியில வரும். அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளியில வராது, இருமலும் உடனே வராது, பத்து வருசம் இருபது வருசம் கழிச்சுப் புற்றுநோயா வரலாம், அதனாலதான் ஆக்கள் இதைக் கணக்கில எடுக்கிறதில்ல. எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனம் தெளிவாச் சொல்லியிருக்கு. இங்க நடக்கிற பிழை என்னெண்டா, உடைஞ்ச சீட்டைக் காய்ஞ்சபடி ஈக்கில் விளக்குமாறால கூட்டுறது, பெரிய துண்டைக் காலால மிதிச்சு உடைச்சுக் கடகத்தில அள்ளுறது, மறுகா அதைக் கொண்டுபோய் ஒழுங்கைப் பள்ளத்துக்கு நிரப்புறது இல்லாட்டிக் கோழிக்கூட்டுக்குப் போடுறது. ஒழுங்கையில போட்டா ஒவ்வொரு சைக்கிளும் மோட்டச்சைக்கிளும் அதை அரைச்சு அரைச்சுத் தூசாக்கும், அதிலதான் புள்ளைகள் விளையாடும். செய்யிறதெண்டா முதல்ல தண்ணியில கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்குவிட் கலந்து மெதுவாத் தெளிச்சு நல்லா நனைக்கணும், பிறசர் அடிக்கக் கூடாது. கையால பொறுக்கி, உடைக்காமத் தடிச்ச பொலித்தீன் பையில ரெண்டு மடிப்பாக் கட்டி, எங்க போடுறதெண்டு மாநகர சபையிலயோ பிரதேச சபையிலயோ கேட்டுச் செய்யணும். கொரோனா நேரத்தில மிஞ்சின நீல மாஸ்க் இதுக்குக் காணாது, என்-95உம் அஸ்பெஸ்டசுக்குப் போதாது, பி-100 இல்லாட்டி எப்.எப்.பி-3 எண்டு போட்டிருக்கிற, நுண்ணிய தூசியைத் தடுக்கிற மாஸ்க் வேணும், முகத்தோட இறுக்கமா இருக்கணும். வேலை செஞ்ச உடுப்பை நனைச்சுப் புறம்பாத் தோய்க்கணும், அதோட புள்ளையத் தூக்க வேணாம். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில இன்னும் கவனம், உங்கட முத்தத்துத் தூசி நாலு வீடு தள்ளிப் போகும்.

அடுத்தது சுவர்க் கரி. ஈரத்துணியால துடைச்சாப் போயிடும் எண்டு நினைக்கிறாங்க, அது அடுப்புக் கரி இல்ல. பிளாஸ்டிக், ஸ்பொன்ஞ் மெத்தை, பெயிண்ட் எல்லாம் எரிஞ்சு வந்த எண்ணெய்ப் பிசுபிசுப்பு அதில இருக்கு. ஈரம் பட்ட உடனே பூசுப்பட்டு சுவருக்குள்ள இறங்கிடும், மறுகா எடுக்கவே ஏலாது. முதல் காய்ஞ்சபடி எடுக்கணும், மேலயிருந்து கீழ. ரப்பர் மாதிரி ட்ரை ஸ்பொன்ஞ் கிடைச்சா நல்லம், இல்லாட்டி ஹெப்பா பில்டர் (நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வடி) உள்ள வேக்யூமைச் சுவரில தேய்க்காமப் பிடிக்கலாம், சாதாரண வேக்யூம் ஒரு பக்கத்தால இழுத்து மற்றப் பக்கத்தால கரியை ஊதும். அதுக்குப் பிறகுதான் சோப்புத் தண்ணி, அதைக் கீழயிருந்து மேலாகக் கழுவினாத்தான் கறைக்கோடு விழாது. புகை போகட்டும் எண்டு பேனைப் போடவே வேணாம், வீடு முழுக்கக் கரி பறக்கும். டீவி, பிரிட்ஜ் பார்க்க நல்லா இருக்கு, ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டும் வேணாம். வயரும் பிவிசி பைப்பும் எரிஞ்ச புகையில அமிலம் இருக்கு, அது உள்ளுக்க இருக்கிற போர்ட்டை அரிச்சிருக்கும், போட்ட உடனே ஷோட் ஆகலாம்.

கறை போகேல்ல எண்டு கையில கிடைச்ச எல்லாத்தையும் கலக்கிறதுதான் இன்னொரு ஆபத்து. டொய்லெட் கழுவுற அமிலத்தையும் குளொரொக்ஸ் மாதிரி பிளீச்சையும் சேர்த்தாக் குளோரின் வாயு வரும், பூட்டின பாத்ரூமுக்குள்ள ஒரு ஆள் மயங்கி விழ அது போதும். அதோட பிளீச்சால கரி போகவும் போகாது.

கிணத்தைப் பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. நம்மட மண் மணல், கிணறு ஆழமில்ல, முத்தத்தில ஊத்தின கரித்தண்ணி நேராக் கிணத்துக்குத்தான் இறங்கும். கழுவ முதல் கிணத்து வாயை மூடுங்க, தண்ணி அங்கால ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்க. ஏற்கனவே விழுந்திட்டுதெண்டா இறைச்சுப் போட்டு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவுக்குச் சொல்லுங்க. குளோரின் போட்டாச் சரிதானே எண்டு கேப்பீங்க. குளோரின் கிருமியைத்தான் கொல்லும், எரிஞ்ச பிளாஸ்டிக் நச்சை எடுக்காது, கொதிக்க வச்சாலும் அது போகாது. சூடு பட்ட பிளாஸ்டிக் டாங்கியும் பைப்பும் அப்பிடித்தான். 2018ல அமெரிக்காவில பரடைஸ் எண்ட ஊர் காட்டுத்தீயில எரிஞ்சாப்பிறகு அங்க குழாய்த் தண்ணியில பென்சீன் இருந்தது, அது புற்றுநோய் தாற சாமான். கொஞ்சம் வளைஞ்ச பைப்பெண்டாலும் மாத்துங்க.

சாப்பாட்டில இரக்கம் பார்க்க வேணாம். அரிசி மூட்டை, புள்ளையட பால்மா, டின் மீன், சூடோ புகையோ பட்டிருந்தா எல்லாம் போகட்டும். மருந்தும் அப்பிடித்தான், இன்சுலின் பாவிக்கிற ஆக்கள் அந்தப் போத்தலை நம்பி ஊசி போடாம ஆஸ்பத்திரியில சொல்லிப் புதுசு எடுங்க.

பிளேட் (கொங்கிரீட் தட்டு) போட்ட வீடெண்டா நெருப்புக்கு அசையாது எண்டு ஒரு நம்பிக்கை இருக்கு. கொங்கிரீட் 300 பாகைக்கு மேல சூடானா பலம் குறையத் தொடங்கும், சில இடத்தில ரோஸ் நிறம் மாதிரி தெரியும், பூச்சுக் கழண்டு கம்பி வெளியில வந்தா இன்னும் மோசம். அதுக்கு மேல சீமெந்து பூசி மறைச்சிட்டுப் புள்ளைகளக் கீழ படுக்க வைக்கிறது சரியான பிழை, ஒரு இஞ்சினியரோ சபையில இருக்கிற டி.ஓ.வோ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து பார்த்துச் சொல்லட்டும். ஓட்டுக் கூரையெண்டா வளை, சலாகையைத் தட்டிப் பாருங்க, வெளியில கரி, உள்ளுக்க மரம் எவ்வளவு மிஞ்சியிருக்கு எண்டுதான் பார்க்கணும்.

கடைசியா பெயிண்ட். கலியாணம், பொங்கல், பெருநாள் வருது எண்டு கரிக்கு மேலயே பெயிண்ட் அடிக்கிறாங்க. வெயிலுக்கு ஒண்டும் தெரியாது, கார்த்திகை மழை தொடங்கி சுவர் ஈரமாகக்குள்ள மஞ்சள் கறை வெளியில வரும், புகை மணமும் திரும்ப வரும், அடிச்ச காசும் வீண். கழுவி, நல்லாக் காயவிட்டு, கறை மூடுற பிறைமர் ஒரு கோட் அடிச்சு, அதுக்கு மேலதான் பெயிண்ட். தீயணைப்புத் தண்ணி இறங்கின சுவரெண்டா காய நாள் எடுக்கும், பூட்டி வச்சா ரெண்டு நாளிலயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். யன்னலைத் திறந்து விடுங்க, இழுப்பு வருத்தக்காரரையும் பிள்ளைத்தாச்சியையும் சின்னப் புள்ளைகளையும் அதுவரைக்கும் சொந்தக்காரர் வீட்டில விடுங்க.